வெறுங்கூட்டில் அறுபத்திரண்டு

ஜனவரி 6

மறுபடியும் மைனஸ்.

பருத்தித்துறைக் கரையில் அள்ளிவந்த நான்கு மண்ணிலும் பொட்டாசியம் பூச்சியத்துக்குக் கீழே போய் நிற்கிறது. மைனஸ் ஏழு, ஐந்து, எட்டு, நான்கு. ஒரு மண்ணில் ஒரு பொருள் இல்லை என்றால் இல்லை. இல்லாததைவிடக் குறைவாக அது எப்படி இருக்கும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். என்னுடைய அகப்பை சட்டியையும் சுரண்டிக்கொண்டு வருகிறது.

வாகீசன் சேரிடம் காட்டவில்லை. அவர்தான் என் ஆய்வுக்கு மேற்பார்வையாளர். கண்டால் ஒரே வசனம்: "மார்ச் 31, தனுஷிகா. மூண்டாம் தரமும் தவணை தந்தாச்சு. இனி ஒரு நாளும் தரமாட்டினம்." அதற்குள் ஆய்வேட்டைக் கையளித்தால் ஏப்ரலில் நிரந்தர வேலைக்கு நேர்முகம். இல்லாவிட்டால் பத்தாவது வருடமும் பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவியாளர். முப்பத்தாறு வயதில் 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடக் கூச்சமாக இருக்கிறது.

உடுப்பிட்டி வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். எழுதக் களைப்பு.

ஜனவரி 8

இன்று முழுவதும் கேற்றுகளைச் சரிபார்த்தேன்.

அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்திய நாள் ஞாபகம் வந்தது. மண்ணுக்குள் இருக்கும் சில பொருட்களில் இருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்துகொண்டே இருக்கும். மண்ணை ஈயக்கூட்டுக்குள், ஒரு பளிங்குக் கட்டிக்கு முன்னால் வைத்தால் அது ஒவ்வொரு கதிரையும் பிடிக்கும். கொம்பியூட்டர் பிடிபட்டதைச் சக்தி வாரியாக அடுக்கி மேடும் பள்ளமுமாக ஒரு கோடு கீறும். அந்தக் கோட்டில் இரண்டு இடத்தில் நான் கம்பு நடுவேன். அந்த இரண்டுக்கும் நடுவில் விழுவதை மட்டும் எண்ணு என்று சொல்வேன். அதுதான் கேற்.

"அப்ப படலை எண்டு சொல்லன்" என்றார் அப்பா.

"ஓம் அப்பா, படலைதான். யுரேனியத்துக்கு ஒண்டு, தோரியத்துக்கு ஒண்டு, பொட்டாசியத்துக்கு ஒண்டு."

"படலையை அகலமா வைச்சால் ஊர் மாடெல்லாம் பூந்திடும் பிள்ளை."

பேராசிரியர்கள் அரை மணித்தியாலம் சொல்வதை அவர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

போன கிழமை ஏசி இரண்டு தரம் நின்றது. சூட்டில் கோடு பக்கவாட்டாக நகரும். மேடு நகர்ந்தால் படலை பொருந்தாது. அதுதான் காரணம் என்று ஆசையோடு தேடினேன். கொஞ்சம் நகர்ந்துதான் இருந்தது. திருத்தி வைத்தேன். மைனஸ் ஏழு மைனஸ் ஆறாக வந்தது. இதற்கு ஒரு நாள்!

ஜனவரி 9

கழிக்கிற தொகையில் பிழையோ என்றும் ஒரு கணம் யோசித்தேன். கூட்டுக்குள் ஒன்றும் வைக்காவிட்டாலும் எண்ணிக்கை வரும். சுவரில் இருந்து, நிலத்தில் இருந்து, வானத்தில் இருந்து. அதை முதலில் எண்ணிக்கொண்டு, பிறகு மண்ணின் கணக்கில் இருந்து கழிக்க வேண்டும். வெறுங்கூட்டு எண்ணிக்கை. பொட்டாசியப் படலையில் என்னுடையது நூறு செக்கனுக்கு அறுபத்திரண்டு.

இல்லை, அதில் பிழை இருக்க ஏலாது. ஒக்டோபரில் சரஸ்வதி பூசைக்கு லாப் பூட்டியிருந்த மூன்று நாளும் தொடர்ந்து ஓடவிட்டு எடுத்தது. ஆள் நடமாட்டம் இல்லை, கரண்ட் போகவில்லை. இந்த ஆய்வில் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஒரே எண் அதுதான்.

ஜனவரி 11

வீட்டில் நின்றேன். அப்பாவின் வெங்காயம் சரியில்லை. தாள் நுனி மண்ணிறமாகிச் சுருளுகிறது. பனியாக இருக்கும் என்று அம்மா சொன்னா. அப்பா கேட்கவில்லை.

"பொட்டாஷ் பசளை இன்னும் காணாது போலை. நீதானே சொன்னனி, எங்கடை மண்ணிலை இல்லையெண்டு."

நவம்பரில் சொன்னேன், உண்மைதான். அப்பாவின் தோட்ட மண் என்னுடைய இருபத்திரண்டாவது சாம்பிள். பத்தொன்பது என்று வந்தது; மிகக் குறைவு. உடுவில் செம்மண்ணும் அப்படித்தான் வந்தது. விவசாயக் கந்தோரில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னேன். "உன்ரை மெஷின் சொன்னாப் பிறகு ஆரைக் கேக்க?" என்றார். அவர் கமக்காரர் அமைப்பின் செயலாளர். மகளின் மெஷின் சொன்னது என்று ஊருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

இன்று பின்னேரம் பாத்தி பாத்தியாக இன்னொரு முறை பொட்டாஷ் எறிந்தார். நான் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஜனவரி 13

சேரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"உந்த நாலையும் வெட்டிவிடும்."

"சேர்?"

"கடற்கரை மண். ஆய்வின்ரை தலைப்பு தோட்ட மண். அது இல்லாட்டி ஆர் கேக்கப்போயினம்? மிச்சம் பதினெட்டும் வடிவாய் நிக்குது. 'குடாநாட்டுத் தோட்ட மண்ணில் பொட்டாசிய வறுமை'. உதுதான் உம்மடை அத்தியாயம் நாலு."

வெட்டினேன். அட்டவணையில் நான்கு வரி. அழித்த பிறகு படம் வடிவாகத்தான் இருக்கிறது. பின்னிணைப்புக்கு இன்னொரு வெறுங்கூட்டு எண்ணிக்கையும் வேண்டுமாம், ஒப்பிட்டுக் காட்ட. பொங்கல் விடுமுறைக்குப் பூட்டும்போது ஓடவிட்டுவிட்டு வந்தேன். கூட்டைத் திறந்து, உள்ளே துணியால் துடைத்து, மூடி, பொத்தானை அமத்தினேன்.

பொங்கலுக்குப் பானை கழுவ வேண்டும். அம்மா இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டா.

ஜனவரி 17

முப்பத்தெட்டு.

ஜனவரி 18

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அதே கூடு, அதே அறை. ஒக்டோபரில் அறுபத்திரண்டு, இப்போது முப்பத்தெட்டு. யுரேனியப் படலை அப்படியே. தோரியமும் அப்படியே. பொட்டாசியம் மட்டும். இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எங்கும் பொருந்துகிறது, ஒரு இடத்தைத் தவிர. அங்கே ஒக்டோபரின் மேடு தனியே உயர்ந்து நிற்கிறது. அந்த மேடு எப்போதும் கொஞ்சம் இருக்கும், சீமெந்துச் சுவரில் இருந்து வருவது. அதனால்தான் அது உயரமாக நின்றபோது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

முப்பத்தெட்டைக் கழித்தால் பருத்தித்துறை மண் மைனஸ் இல்லை. பதினேழு, பத்தொன்பது... மனுசத்தன்மையான எண்கள்.

அப்பாவின் மண்? எண்பத்தொன்றில் இருந்து அறுபத்திரண்டு போனால் பத்தொன்பது. முப்பத்தெட்டு போனால் நாற்பத்து மூன்று.

கடவுளே.

ஜனவரி 19

செல்வநாயகம் அண்ணையைக் கேட்டேன். எங்கள் லாப்பின் உதவியாளர், முப்பது வருடமாக அந்த அறையைக் கூட்டித் துடைக்கிறவர். ஒக்டோபருக்குப் பிறகு அறையில் என்ன மாறியது என்று கேட்டேன்.

"ஒரு கல்லும் மாறேல்லைத் தங்கச்சி."

"அப்ப ஒக்டோபரிலை என்ன இருந்தது?"

"என்ன இருந்தது? பூசைதான் இருந்தது."

போனை எடுத்துப் படம் காட்டினார். தானே பக்கத்து அறைப் பெடியனைக் கொண்டு எடுப்பித்ததாம். அண்ணை கற்பூரத்தட்டோடு நிற்கிறார். ஈயக்கூட்டின் கதவு திறந்திருக்கிறது. விளிம்பெல்லாம் சந்தனப் பொட்டு. உள்ளே, பளிங்குக் கட்டிக்கு நேர் முன்னால், மல்லிகைப் பூவும் ஒரு வெள்ளைப் பொட்டலமும்.

அந்தப் பொட்டலம் அம்மா தந்தது. சந்நிதிக் கோயில் திருநீறு, கால் கிலோ. "இந்த வருசமாவது முடியட்டும், மெஷினுக்கு முன்னாலை வை" என்று தந்தா. வைத்தது நான். சிறுவயதில் பாடப்புத்தகத்தைச் சரஸ்வதிக்கு முன்னால் வைப்போமே, விஜயதசமி வரை தொடக்கூடாது என்று. அதே மாதிரி வைத்தேன். தொடக்கூடாது என்றுதான் கதவை மூடினேன். மூடிவிட்டு, லாப் பூட்டுகிறார்களே, மெஷின் சும்மா கிடக்க வேண்டாம் என்று ஓடவிட்டேன். விஜயதசமிக்கு வந்து எடுத்தேன், நெற்றியில் பூசினேன், கோப்புக்கு 'வெறுங்கூடு' என்று பெயர் வைத்துச் சேமித்தேன்.

வெறுங்கூடாம்! கையால் வைத்து, கையால் எடுத்தவள் நான். அது ஒரு பொருள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சாமி என்று நினைத்தேன்.

சாணச் சாம்பல். மாடு தின்ற வைக்கோலில் இருந்த பொட்டாசியம் முழுவதும் எரிந்த பிறகும் அதில்தான் இருக்கும். அம்மா கத்தரிக்கு அடுப்புச் சாம்பல் போடுவது வேறு எதற்கு? எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். முதல் வருடப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தும் இருக்கிறேன்.

ஜனவரி 21

அம்மாவிடம் இன்னொரு பொட்டலம் வாங்கிப் போய், அதே இடத்தில் வைத்து ஓடவிட்டேன். அறுபத்தொன்று.

இனிச் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

ஜனவரி 22

இதை எழுதாமல் விட்டால் நல்லது. எழுதத்தான் வேண்டும்.

சேரிடம் படத்தைக் காட்டினேன். பார்த்தவுடன் அவர் முகம் சிவந்தது. "உது செல்வநாயகத்தின்ரை வேலை. கூட்டுக்கை கை வைக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லியிருக்கிறன்!" எழும்பிப் போய் நடையில் வைத்து அண்ணையைப் பேசினார். எல்லோரும் பார்க்க. அண்ணை தும்புக்கட்டையைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை? தெரியாது. தெரியும். நான் வைத்தேன் என்றால் ஒன்பது வருடம் போயிற்று. அவர் வைத்தார் என்றால் அது ஒரு விபத்து.

ஜனவரி 23

பத்து மணிக்கு அண்ணை வழமைபோல இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

"அண்ணை, நான் வைச்சதை நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான்."

"ஏன் சேரிட்டைச் சொல்லேல்லை?"

"எனக்கு இன்னும் ஏழு மாசம் தங்கச்சி. அதுக்குப் பிறகு பென்சன். உங்களுக்கு இனித்தான் வேலை. பேசினது பேசினபடி கிடக்கட்டும். தேத்தண்ணி ஆறுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே எழும்பிச் சேரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்றும் ஞாபகம் இல்லை. "சேர், நான்தான் வைச்சனான். அண்ணைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நேற்றே சொல்லியிருக்க வேணும், சொல்லேல்லை."

சேர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனையை மூடி வைத்தார்.

"டிசம்பரிலை மெஷினுக்கு மின்னழுத்தப் பெட்டி மாத்தினது. இப்ப எடுத்த முப்பத்தெட்டைப் பழைய சாம்பிளிலை கழிக்க ஏலாது. செய்யிறதெண்டால் இருபத்திரண்டையும் திரும்ப ஓடவேணும். ஒண்டுக்கு ரெண்டு நாள். பிள்ளையளின்ரை செய்முறைக்கும் மெஷின் வேணும். கிழமைக்கு ரெண்டு சாம்பிள்தான் பாக்கலாம். எண்ணிப் பாரும்."

நான் முதலே எண்ணிவிட்டேன். பதினொரு கிழமை. ஏப்ரலும் நடுவுக்கு வந்துவிடும்.

"அல்லது இருக்கிறபடி விடும். நாலையும் வெட்டியாச்சு. நான் கையெழுத்து வைக்கிறன், உமக்காக. முடிவு உம்முடையது."

வெளியே வந்தபோது தும்புக்கட்டைச் சத்தம் கேட்டது. பின்னாலேயே சேரும் வந்தார். "செல்வநாயகம், நேற்று நான் பேசினது பிழை" என்றார். அண்ணை "ஓம் சேர்" என்றுவிட்டுத் தொடர்ந்து கூட்டினார்.

ஜனவரி 24

விடலாம். ஆர் பார்க்கப்போகிறார்கள்? ஆய்வேடுகள் நூலகத்தில் தூசி பிடித்துக் கிடப்பவை. ஒருவருக்கும் நட்டமில்லாத ஒரு பொய்.

ஒன்பது வருடம். நான் களைத்துப் போனேன்.

ஜனவரி 25

ஒருவருக்கும் நட்டமில்லை என்று நேற்று எழுதியிருக்கிறேன். கெட்டிக்காரி.

காலையில் தோட்டத்துக்குப் போனேன். தாள்கள் பாதி வரை கருகிவிட்டன. அப்பா இறைப்பு மெஷினுக்குப் பக்கத்தில் புதிய பொட்டாஷ் மூட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் கமக்காரர் அமைப்புக் கூட்டமாம். எல்லோருடைய வெங்காயத்துக்கும் இதைத்தான் சொல்லப்போகிறாராம். "உன்ரை கணக்குத் தாளையும் ஒருக்கா எழுதித் தா, வாசிச்சுக் காட்டுறன்."

"அப்பா, அதைப் போடாதேங்கோ."

"ஏன்?"

"நான் சொன்னது பிழை. எங்கடை மண்ணிலை பொட்டாசியம் நான் சொன்னதைவிட ரெண்டு மடங்குக்கு மேலை இருக்கு. நீங்கள் போட்டது கூடிப்போச்சு. அந்த உப்புத்தான் எரிக்குது."

அப்பா மெஷினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் தோட்டம் ஒரேயடியாக அமைதியானது.

"மெஷின் பிழைச்சதோ?"

"மெஷின் பிழைக்கேல்லை. நான்தான்."

திருநீற்றுக் கதை முழுவதையும் சொன்னேன். கையில் மூட்டைக் கயிற்றைப் பிடித்தபடி கேட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கருகின ஒரு தாளைக் கிள்ளி, விரலால் நசுக்கி, பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டனே பிள்ளை."

பிறகு, மூட்டையைக் காலால் தள்ளிவிட்டு: "உன்ரை மெஷினும் நீயும்."

வீட்டுக்கு வந்தால் அம்மா. "நான் தந்த திருநீறாலையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறா. "அது என்னடி பிழை செய்தது?" இல்லையம்மா, திருநீறு ஒரு பிழையும் செய்யவில்லை, வைத்த இடம்தான் பிழை என்று எத்தனை தரம் சொல்வது. சாமியறைக்குள் போய் இருந்துவிட்டா. இன்று வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜனவரி 26

சேருக்கு ஒரு வரி அனுப்பினேன்: "இருபத்திரண்டையும் திரும்ப ஓடுகிறேன்." அவர் "சரி" என்று மட்டும் போட்டார்.

முதலில் அப்பாவின் மண். அழித்த நான்கு வரியையும் அட்டவணையில் திரும்பப் போட்டேன். அப்பா கூட்டத்துக்குப் போய்வந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னோடு கதைக்கவில்லை.

ஜனவரி 29

அப்பாவின் மண்: நாற்பத்து நான்கு. நாற்பத்து மூன்று என்று நினைத்தது சரிதான். சரியாக வந்ததற்குச் சந்தோசப்படவும் முடியவில்லை.

பெப்ரவரி 4

உடுவில் இரண்டு, மூன்று முடிந்தது. செம்மண்ணில் பொட்டாசிய வறுமை என்று ஒன்றும் இல்லை. அத்தியாயம் நான்கு முழுவதும் குப்பை. முப்பத்தொரு பக்கம்.

பெப்ரவரி 9

கரண்ட் போய் ஒன்றரை நாள் ஓட்டம் வீண். திரும்ப முதலில் இருந்து.

பெப்ரவரி 10

அப்பா இரண்டு நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவப் பார்க்கிறார். எங்கள் கிணறு கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். பக்கத்துக் காணிக் கிணற்றில் இருந்து குழாய் இழுத்திருக்கிறார். சனிக்கிழமை நானும் மடை மாற்றப் போனேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒரு வரம்பில் அவர், ஒரு வரம்பில் நான். வாய்க்கால் உடைந்த இடத்தில் மட்டும் "அங்கை" என்றார். இரண்டு கிழமையில் என்னிடம் சொன்ன முதல் சொல்.

பெப்ரவரி 19

பஸ் தரிப்பில் ஜெயசுதனைக் கண்டேன். அப்பாவின் தோட்டத்துக்கு அடுத்த தோட்டக்காரன், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனுடைய வெங்காயம் நன்றாக இருக்கிறதா என்று பயந்து பயந்து கேட்டேன்.

"என்ரைக்கு என்ன? உங்கடை அப்பா அண்டைக்குச் சொல்லியிராட்டில் நானும் போட்டிருப்பன்."

"என்ன சொன்னவர்?"

"உனக்குத் தெரியாதே? கூட்டத்திலை எழும்பி நிண்டு சொன்னவர். 'என்ரை பிள்ளை கணக்குப் பிழை விட்டிட்டாள். ஆரும் கண்டுபிடிக்கேல்லை, தானே கண்டுபிடிச்சு, தானே வந்து என்னட்டைச் சொன்னவள். நான் போட்டு எரிஞ்சுபோச்சு. நீங்கள் ஒருத்தரும் போடாதேங்கோ' எண்டு. முன்னாலை ஆரோ சிரிச்சவை. மனுசன் கணக்கெடுக்கேல்லை."

பஸ் வந்தது. ஏறி, யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வல்லை வெளி தாண்டும் வரை அழுதேன். பக்கத்தில் இருந்த மனுசி கடலைப் பொட்டலத்தை நீட்டினா. வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 3

பத்து முடிந்தது. பன்னிரண்டு மிச்சம்.

சேர் லாப்புக்கு வந்து பின்னால் நின்று திரையைப் பார்த்தார். "திருநீற்றுக் கதையை மறைக்காமல் எழுதும். ஒரு பக்கம். படத்தோடை." போகும்போது திரும்பி, "செல்வநாயகம் கற்பூரத்தோடை நிக்கிற படம் வேண்டாம். கோட்டுப் படம்" என்றார். அவருக்கும் பகிடி வரும் என்று ஒன்பது வருடத்தில் இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 16

தடிமன். மூக்கைச் சிந்திக்கொண்டே சாம்பிள் பதின்மூன்று.

மார்ச் 31

இன்று கடைசி நாள். கையளிக்கவில்லை.

நான்கு மணிக்குக் கந்தோர் பூட்டும். மூன்றரை மணிக்கு என்னையறியாமல் மணிக்கூட்டைப் பார்த்தேன். செல்வநாயகம் அண்ணையும் பார்த்தார். "இன்னொரு தேத்தண்ணி போடட்டே?" என்றார். போட்டார். இருவரும் ஈயக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து குடித்தோம். உள்ளே பருத்தித்துறை மண், சாம்பிள் பதினெட்டு, ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்குள் இருபத்திரண்டும் முடியவே முடியாது.

நாலு மணி அடித்தது. ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 10

நேர்முகத்துக்கு எனக்குக் கடிதம் வரவில்லை. வராது என்று தெரியும், என்றாலும் தபாற்காரனை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நிரோஜாவுக்குக் கிடைக்கும் போல. நான் செய்முறை சொல்லிக்கொடுத்த பிள்ளை, கெட்டிக்காரி. வந்து காலைத் தொடப் போனாள். "விசரி, எழும்பு" என்றேன். வீட்டுக்கு வரும் வரை நன்றாகத்தான் இருந்தேன். வந்து குளிக்கும்போது கிணற்றடியில் வாளியைப் போட்டு உடைத்துவிட்டேன்.

எனக்குப் பத்தாவது வருடம், தற்காலிகம். ஆய்வேட்டுக்குப் புதிதாகப் பதிய வேண்டும். சேர் படிவத்தில் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டார்.

ஏப்ரல் 18

இருபத்திரண்டும் முடிந்தது. ஒன்றும் மைனஸ் இல்லை.

மே 2

வெங்காயம் கிண்டி முடிந்து கிழமைக் கணக்காகிறது. அரைவாசிதான் தேறியது. தேறியதும் சின்னச் சின்னக் குமிழ். அம்மா அதில் நல்லதாகப் பார்த்து இரண்டு பிடி கட்டித் தந்தா, ஒன்று சேருக்கு, ஒன்று செல்வநாயகம் அண்ணைக்கு. கட்டும்போது, "இந்த முறை மெஷினுக்கு ஒண்டும் தரமாட்டன். இந்தா, உன்ரை நெத்திக்கு" என்று தானே பூசிவிட்டா. கோபம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

படலையடியில் அப்பா நின்றார். கையில் பழைய பால்மாத் தகர ரின் ஒன்று, வாயைப் பொலித்தீனால் கட்டியிருந்தது. அடுத்த போகத்துக்குக் கொத்திவிட்ட தோட்டத் தறையில் இருந்து அள்ளியதாம். ஐந்து இடத்தில் அள்ளிக் கலந்து, கல்லுப் பொறுக்கி, நிழலில் காயவைத்திருக்கிறார். நான் நவம்பரில் செய்து காட்டியது அப்படியே.

"உதை அள" என்றார். "நீ சொன்னாப் பிறகுதான் பசளை போடுவன்."

"அப்பா, இந்த முறை விவசாயக் கந்தோரிலையும்..."

"அங்கையும் ஒரு ரின் குடுத்திருக்கிறன். ரெண்டையும் பாப்பம். நீ முதலிலை அள."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ரின்னை மடியில் வைத்துக்கொண்டு போனேன். லாப்பில் அண்ணை கதவைத் திறந்துவிட்டார். குழாயடியில் கையைக் கழுவினேன், நெற்றியையும் கழுவினேன். அப்பாவின் மண்ணை மேசையில் வைத்தேன். கூட்டைத் திறந்து, உள்ளே கையை விட்டு நான்கு மூலையும் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மூடி, முதலில் வெறுங்கூட்டை ஓடவிட்டேன்.